கேளுங்கோ சொல்லுறன்: ஹாக்ரிட் வேசம் போட்ட மனுசன்

போன இதழில ஹாரி பொட்டர் படங்களில ஹாக்ரிட்டா வந்த ஸ்கொட்லாந்து நடிகர் ரொபி கோல்ட்ரேன் பற்றி ஒரு மூலையில நாலு வரி போட்டது, அதுக்குப் பிறகு கடிதம், வட்ஸ்அப், வொய்ஸ் மெசேஜ் எண்டு வந்ததெல்லாம் அவரைப் பற்றின கேள்விதான். அதால நெல்லு விலை, காணி உறுதி, குரங்குத் தொல்லை கேட்ட ஆக்கள் குறை நினைக்காதேங்கோ, உங்கட முறை அடுத்த இதழில வரும். இந்த முறை பக்கம் முழுக்க இந்த மனுசனுக்குத்தான்.

கேள்வி: அண்ணை, ஹாக்ரிட் மாமா செத்துப்போனார் எண்டு இப்பதான் அறிஞ்சு மகள் சாப்பிடாமல் இருக்கிறாள். உண்மையோ? ஆர் இவர், இந்தப் படத்துக்கு முதல் என்ன செய்தவர்?
ஒரு தாய், விசுவமடு

பதில்: ஓம் தங்கச்சி, உண்மைதான். 2022 ஒக்ரோபர் 14, ஸ்கொட்லாந்தில லார்பேட் எண்ட இடத்து ஆசுப்பத்திரியில காலமானவர், 72 வயசு. கடைசி வருசங்களில மூட்டுத் தேய்வால சரியாக் கஸ்ரப்பட்டவர். பிள்ளைக்கு ஒண்டு சொல்லுங்கோ. அதே வருசம் தை முதலாம் திகதி ஹாரி பொட்டர் நடிகர்மார் திருப்பிச் சந்திச்ச ஒரு நிகழ்ச்சி வந்தது, அதில இவரே சொல்லியிருக்கிறார், இண்டைக்குப் பாத்த பிள்ளையள் நாளைக்குத் தங்கட பிள்ளையளுக்குக் காட்டுவினம், அம்பது வருசத்துக்குப் பிறகும் பாப்பினம், நான் இருக்க மாட்டன் ஆனா ஹாக்ரிட் இருப்பார் எண்டு. அதைக் கேட்டாலாவது ஒரு பிடி சோறு இறங்கும்.

ஆள் பிறந்தது 1950 மார்ச் 30, கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில ரதர்கிளன் எண்ட ஊரில. தகப்பன் டொக்டர், பொலிசுக்கும் டொக்டரா வேலை செய்தவர், தாய் ரீச்சர், பியானோவும் வாசிப்பா. பெடியனை வசதியான ஆக்கள் படிக்கிற ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில விட்டவை, அங்கயிருந்து கிளாஸ்கோ ஓவியக் கல்லூரிக்குப் போய் படம் கீறப் படிச்சவர். படம் கீறுறதை விட மேடையில நிக்கிறதுதான் தனக்குச் சரிவரும் எண்டு பிடிபட்டது பிறகுதான். 1978இல எடின்பரோவில ட்ராவேஸ் எண்ட நாடக அரங்கில ஜோன் பேர்ன் எழுதின ஒரு நாடகத்தில நடிச்சார், கம்பளம் செய்யிற தொழிற்சாலையில சாயம் அரைக்கிற பெடியளின்ர கதை அது, பேர் த ஸ்லாப் போய்ஸ். அதுக்குப் பிறகு சினிமாவில துக்கடா வேசங்கள், 1980இல ஃபிளாஷ் கோர்டனில விமானத் திடலில நிக்கிற ஒரு ஆள், கண்ணை இமைச்சா ஆளைக் காணேலாது.

உண்மையில ஆளைத் தூக்கிவிட்டது ரீவிதான். 83, 84இல அல்பிரெஸ்கோ எண்டு ஒரு பகிடி நிகழ்ச்சி, கூட நடிச்சவை ஆர் எண்டு பாருங்கோ: ஸ்டீவன் ஃப்ரை, ஹியூ லோரி, எம்மா தொம்சன். அப்ப எல்லாரும் சின்னப் பிள்ளையள், ஒருத்தரும் பேமஸ் இல்லை. 1987இல பிபிசி ஸ்கொட்லாந்து எடுத்த டுட்டி ஃப்ரூட்டி, ஆறு பகுதி, அதையும் எழுதினது அதே ஜோன் பேர்ன்தான். பழைய ரொக் இசைக்குழு ஒண்டின்ர பாட்டுக்காரன் செத்துப்போக அவன்ர தம்பி வந்து இடத்தை நிரப்புற கதை, தம்பியா வந்தவர் இவர், கூட எம்மா தொம்சன். அதே வருசம் பிளக்கடர் எண்ட பகிடி நாடகத்தில ஒரே ஒரு பகுதியில டொக்டர் ஜோன்சனா வந்தார், ஆங்கில அகராதி தொகுத்த ஆள் இருக்கிறாரே, அவர்தான். வருசக்கணக்கா எழுதின ஒரே கையெழுத்துப் பிரதியை வேலைக்காரன் குளிருக்கு நெருப்பு மூட்டப் பாவிச்சுப்போட்டான் எண்டு கதை போகும், அதில இவர் கோவிக்கிற கோவம் இருக்கே, நான் எத்தினை தரம் பாத்தாலும் சிரிச்சுத்தான் முடிப்பன்.

கேள்வி: கோல்ட்ரேன் எண்டது ஸ்கொட்லாந்துப் பேர் மாதிரி இல்லையே?
வாசகர், பரந்தன்

பதில்: இல்லைத்தான். அப்பா அம்மா வைச்ச பேர் அன்ரனி ரொபேட் மக்மிலன். ஜோன் கோல்ட்ரேன் எண்டு ஒரு அமெரிக்க ஜாஸ் சக்ஸபோன் மேதை, அவரில உள்ள விருப்பத்தில அவற்ர பேரைத் தனக்கு வைச்சுக்கொண்டார். எங்கட ஊரில சிவாஜியில பைத்தியமான ஆக்கள் மகனுக்கு கணேசன் எண்டு வைச்ச மாதிரி, இவர் தனக்கே வைச்சிட்டார்.

கேள்வி: ஐயா, என்ர மூத்தவன் பள்ளிக்கூடக் கூத்துக்குப் பேர் குடுத்தவன். நல்ல குரல், நல்ல உயரம். கோவலன் வேசம் கிடைக்கும் எண்டு நினைச்சிருந்தனாங்கள், கடைசியில கட்டியகாரன் வேசத்தைக் குடுத்துப் போட்டினம். போய் சண்டை பிடிக்கட்டோ?
ஒரு அம்மா, முள்ளியவளை

பதில்: பிடிக்காதேங்கோ அம்மா. அதுவும் முள்ளியவளையில இருந்துகொண்டு இந்தக் கேள்வியை கேக்கிறியளே. முல்லைமோடி எண்ட பாணியில கோவலன் கூத்து ஆடுற ஊர், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பக்கத்து ஊர், நித்திரை கொள்ளுற சனத்தை விடிய மூண்டு மணிக்கு எழுப்பி இருத்துறது ஆர் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அரசன் வந்து நிண்டு பாடிப்போட்டுப் போவார், சபையைப் பாத்து நேர கதைக்கிற உரிமை கட்டியகாரனுக்குத்தான் கிடக்கு.

நான் எழுதிற இந்த மனுசனும் தன்ர வாழ்நாளில கதாநாயகனா நடிச்சது குறைவு. ஆள் பெரிய உடம்பு, முகம் அகலம், காதல் பாட்டுக்கு கூப்பிடுற முகம் இல்லை. ஜேம்ஸ் பொண்ட் படம் ரெண்டில வந்தார், 1995 கோல்டன் ஐ, 1999 த வேர்ல்ட் இஸ் நொட் இனஃப், ரெண்டிலயும் ஒரே ஆள், வலன்ரின் சுகோவ்ஸ்கி, பழைய ரஷ்ய உளவாளி, இப்ப கள்ள யாவாரம். பொண்ட் முதல் ஒருக்கா முழங்காலில சுட்டதால நொண்டி நொண்டி நடப்பார். முதல் படத்தில வாறது கொஞ்ச நேரம், ஆனா அந்தக் கொஞ்ச நேரத்தில பாருங்கோ, தன்னைச் சுட்டவன் முன்னுக்கு வந்து நிக்கிறான், இவர் கோவிக்கவும் இல்லை, பயப்பிடவும் இல்லை, பழைய சிநேகிதன் கடன் கேட்டு வந்த மாதிரி ஒரு சிரிப்பு. சனத்துக்குப் பிடிச்சுப்போச்சு, பொண்ட் படத்தில ஒருக்கா வந்து போற சில்லறை ஆக்களை திருப்பிக் கூப்பிடுறது அவ்வளவா நடக்கிற விசயம் இல்லை, இவரைக் கூப்பிட்டவை. ரெண்டாவது படத்தில சாகிற நேரம் கைத்தடிக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்த துவக்கால சுடுவார், சுட்டது பொண்டுக்கு இல்லை, பொண்டைக் கட்டி வைச்ச விலங்குக்கு.

மகனை அண்ணாவியாரிட்ட விடுங்கோ. கட்டியகாரன் வேசத்தை ஒழுங்கா ஆடினா அடுத்த வருசம் எந்த வேசமும் ஆடுவான்.

கேள்வி: நீங்கள் எல்லாரும் ஹாக்ரிட் ஹாக்ரிட் எண்டு நிக்கிறியள். அவற்ர உச்சம் கிராக்கர் எண்ட தொடர் எண்டது என் அபிப்பிராயம். அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது ஏன்?
இளைப்பாறிய ஆசிரியர், மாங்குளம்

பதில்: சேர், நாலு வரியில எங்க எழுதுறது. ஆனா நீங்கள் சொல்லுறதோட நூறு வீதம் ஒத்துப்போறன், அதால இப்ப வட்டியோட எழுதுறன்.

கிராக்கர் 1993இல இருந்து 95 வரைக்கும் ஐரிவி எண்ட பிரித்தானிய ரீவி சனலில ஓடினது, பிறகு 96இல ஹொங்கொங்கில நடக்கிற மாதிரி ஒரு தனிக்கதை, 2006இல இன்னொண்டு. தொடங்கி எழுதினவர் ஜிமி மக்கவன். கதை நடக்கிறது மான்செஸ்டரில. இவர் பொலிஸ் இல்லை, பொலிசுக்கு உதவி செய்யிற மனோதத்துவ நிபுணர், பேர் எட்வேட் ஃபிற்ஸ்ஜெரால்ட், எல்லாரும் ஃபிற்ஸ் எண்டுதான் கூப்பிடுவினம். மற்ற ஆக்களின்ர மனசைப் பிரிச்சு மேயத் தெரிஞ்ச ஆள், சொந்த வீட்டை நடத்தத் தெரியாது. சிகரெட், விஸ்கி, சூதாட்டம், மனுசி விட்டிட்டுப் போறா, வீட்டுக் காசை குதிரையில விடுறார். வழமையான துப்பறியிற கதை மாதிரி ஆர் கொலை செய்தது எண்டு கடைசி வரைக்கும் ஒளிச்சு வைச்சிருக்கிற வேலை இதில பெரும்பாலும் இல்லை. கொலைகாரனை எங்களுக்கு முதலே காட்டிப்போடுவினம். பிறகு ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ரெண்டு கதிரை, ஒரு ரேப் ரெக்கோடர், அவ்வளவுதான். அந்த மேசைக்கு இங்கால இந்த மனுசன் இருந்து கதைக்கத் தொடங்குவார், கத்த மாட்டார், மேசையில அடிக்க மாட்டார், தன்ர கதையைச் சொல்லுவார், பகிடி விடுவார், தன்ர கெட்ட குணத்தை எல்லாம் எடுத்து வெளியில வைப்பார், எதிர இருக்கிறவனுக்கு இவனும் என்னை மாதிரித்தானே எண்டு வர, அங்க விழும் பூட்டு.

94இல வந்த ஒரு கதையை மட்டும் சொல்லுறன். ரொபேட் கார்லைல், அவரும் கிளாஸ்கோக்காரர், அதில லிவர்பூல்காரனா வருவார், அல்பி எண்டு பேர். 1989 ஏப்ரல் 15 ஷெஃபீல்டில ஹில்ஸ்பரோ மைதானத்தில கால்பந்து மட்ச் பாக்கப் போன சனம் நெரிசலில நசிபட்டது, செத்தவை மொத்தம் 97 பேர், பொலிஸ் பிழையைச் சனத்தில போட்டது, பேப்பரும் அதையே எழுதினது. சட்டத்துக்கு மாறா நடந்த சாவு எண்டு நீதிமன்றத்தில ஜூரி சொல்ல 2016 ஆச்சு, 27 வருசம். அந்த மைதானத்தில நிண்டு தப்பினவன்தான் கதையில வாற அல்பி. ஒருத்தரும் கேக்காத துக்கம் ஒரு மனுசனுக்குள்ள கிடந்து அழுகி கொலையா வெளியில வாறதை அந்தக் கதை காட்டும். செய்ததை சரி எண்டு சொல்லாது, ஆனா ஏன் எண்டு கேக்காமலும் விடாது. இஞ்ச இருந்து அதைப் பாக்கிறவைக்கு நான் கூட விளக்கத் தேவையில்லை. கடைசியில அந்த அறையில ரெண்டு பேரும் எதிர் எதிரா இருக்கேக்க, ரெண்டு கிளாஸ்கோக்காரர், ஒருத்தர் லிவர்பூல் பாசையில, மற்றவர் தன்ர சொந்தப் பாசையில, அதைத்தான் நடிப்பு எண்டு நான் சொல்லுவன்.

94, 95, 96 எண்டு மூண்டு வருசம் தொடர்ந்து பஃப்டா எண்ட பிரித்தானிய சினிமா, ரீவி அமைப்பின்ர சிறந்த ரீவி நடிகர் விருது இவருக்குத்தான். ஹாக்ரிட் வந்தது அதுக்கு அஞ்சு வருசத்துக்குப் பிறகு. அதால சேர், பிள்ளையளுக்கு ஹாக்ரிட், எங்களுக்கு ஃபிற்ஸ், ரெண்டு கட்சியும் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

கேள்வி: ஹாக்ரிட் உண்மையிலயே அவ்வளவு உயரமோ? தாடி சொந்தமோ? நாங்கள் பந்தயம் கட்டியிருக்கிறம்.
நாலு பெடியள், அக்கராயன்

பதில்: என்ன பந்தயம் எண்டு எழுதேல்லை, சோடா எண்டு நினைக்கிறன். தாடி ஒட்டினது, தலைமயிரும் விக்.

உயரம், கதையில ஹாக்ரிட் எட்டு அடிக்கும் மேல, கோல்ட்ரேன் ஆறடி ஒண்டு. நல்ல உயரம்தான் ஆனா காணாது. அதால ரெண்டு வேலை செய்தவை. ஒண்டு, ஹாக்ரிட்டின்ர குடிசையை ரெண்டு அளவில கட்டினவை. ஒண்டு சின்னன், அதுக்குள்ள கோல்ட்ரேன் நிண்டா தலை முகட்டில முட்டும், சாமான் எல்லாம் கைக்குள்ள அடங்கும், ஆள் பூதம் மாதிரி தெரிவார். மற்றது பெரிசு, அதுக்குள்ள பிள்ளையள் நிண்டா கதிரையில ஏறி இருக்கக் கஸ்ரப்படுவினம். ரெண்டிலயும் எடுத்த காட்சியை வெட்டி ஒட்டினா ஒரே வீடு. ரெண்டாவது, தூரத்தில நடந்து போறது, பிள்ளையளோட சேந்து நிக்கிறது இதுக்கெல்லாம் மார்ட்டின் பேஃபீல்ட் எண்டு இங்கிலாந்து ரக்பி அணிக்கு விளையாடின ஒருத்தரை உடுப்புப் போட்டு விட்டவை, அவர் ஆறடி பத்து. கோல்ட்ரேன் மாதிரியே செய்த ஒரு பெரிய தலையை அவருக்கு மாட்டி விடுவினம். ரெண்டாவது படத்தில பழைய நினைவுக் காட்சியில இளம் ஹாக்ரிட்டா வாறதும் அந்த பேஃபீல்ட்தான். ஆக உடம்பு பாதி ஒருத்தற்ர, முகம் ஒருத்தற்ர, குரல் மட்டும் முழுக்க முழுக்க கோல்ட்ரேன். எட்டுப் படம், 2001இல இருந்து 2011 வரைக்கும்.

அதிலயும் ஒரு விசயம், ஹாக்ரிட் கதைக்கிறது ஸ்கொட்லாந்துப் பாசை இல்லை. அது இங்கிலாந்தின்ர தென்மேற்குப் பக்கத்துக் கிராமத்துப் பாசை, தோட்டம் துரவு மாடு கண்டு வைச்சிருக்கிற ஆக்களின்ர கதை. கனபேர் அவரை அந்தப் பக்கத்து ஆள் எண்டே நினைச்சுக்கொண்டு இருந்தவை.

சோடாவை ஆர் வாங்கிக் குடுக்கிறது எண்டதை நீங்களே முடிவெடுங்கோ.

கேள்வி: கார்ட்டூன் படங்களுக்கும் குரல் குடுத்தவர் எண்டு போன இதழில கிடந்தது. எந்தெந்தப் படம்? அது எப்பிடிச் செய்யிறது, படத்தைப் பாத்துப் பாத்து வாயசைவுக்குக் கதைக்கிறதோ?
வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: நல்ல கேள்வி, கனபேர் குழம்புற இடம். நாங்கள் ரீவியில பாக்கிற டப்பிங் படம், அதில படம் முதலே முடிஞ்சுது, குரல் குடுக்கிறவர் பிறகு வந்து வாயசைவுக்குப் பொருத்திக் கதைக்கோணும். எம்.எஸ். பாஸ்கர் மாதிரி நடிகர்மார் அந்த வேலையில கிடந்து பழகித்தான் வந்தவை. ஆனா புதுசா எடுக்கிற அனிமேஷன் படத்தில பெரும்பாலும் தலைகீழ். நடிகரை முதல் கூப்பிட்டு, படம் கீறுறதுக்கு முதலே வசனத்தைப் பதிவாங்கள். ஒரே வசனத்தை பலவிதமா சொல்லச் சொல்லுவாங்கள். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் கீறுற ஆக்கள் வாயையும் கண்ணையும் கையையும் அசைப்பாங்கள், நடிகர் கதைக்கேக்க முகம் எப்பிடிப் போகுது எண்டு வீடியோவும் எடுத்து வைச்சிருப்பாங்கள். அப்ப குரல் குடுக்கிறவர்தான் முதல் நடிக்கிறார், படம் அவருக்குப் பின்னால வருது.

கோல்ட்ரேனின்ர குரல் வேலையில எனக்குப் பிடிச்சது த கிரஃபலோ, 2009 நத்தாருக்கு பிபிசியில வந்த அரை மணித்தியாலப் படம். சின்ன எலி ஒண்டு தன்னைத் தின்ன வாற நரி, ஆந்தை, பாம்பு எல்லாத்தையும் கிரஃபலோ எண்ட ஒரு பூதம் வருகுது எண்டு பொய் சொல்லிக் கலைக்கும், கடைசியில பாத்தா உண்மையாவே அந்தப் பூதம் முன்னுக்கு நிக்கும். அந்தப் பூதத்தின்ர குரல் இவர். பாதிப் படம் போனாப் பிறகுதான் வாய் திறப்பார், வசனமும் கொஞ்சம். குரலைக் கீழ இறக்கி, மூச்சைக் கூட்டி, சின்னப் பிள்ளைக்குப் பயமும் வரோணும் ஆனா அழக் கூடாது எண்ட அளவில நிப்பாட்டி வைச்சிருப்பார். அளவு கொஞ்சம் கூடினா பிள்ளை தாயின்ர மடிக்கு ஓடும், குறைஞ்சா பூதம் இல்லை. படம் ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியலுக்கும் போனது. 2011இல அதின்ர தொடர்ச்சியிலயும் அவர்தான். அதுக்கு முதல் 2008இல த டேல் ஒஃப் டெஸ்பெரோ எண்ட எலிப் படத்திலயும் குரல் குடுத்தவர்.

பிறகு 2012இல பிக்சார் எடுத்த பிரேவ். பழைய ஸ்கொட்லாந்துக் கதை, அதால ஸ்கொட்லாந்து நடிகர்மாரை அள்ளிக்கொண்டு வந்து போட்டாங்கள்: கெலி மக்டொனால்ட், பிலி கொனொலி, கிரெய்க் ஃபேர்கசன், கெவின் மக்கிட், கூட எங்கட மனுசன் டிங்வோல் எண்ட ஒரு குலத்தலைவன். அம்மா ராணிக்குக் குரல் எம்மா தொம்சன், டுட்டி ஃப்ரூட்டியில கூட நடிச்ச அதே ஆள். இந்தப் படத்தில ஒரு பகிடி கிடக்கு. மக்கஃபின் எண்ட தலைவனின்ர மகன் வாய் திறந்தா படத்தில உள்ள ஒருத்தருக்கும் விளங்காது, எல்லாரும் முழிசுவினம். சும்மா உளறுறான் எண்டு நினைச்சிடாதேங்கோ, அது டொரிக் எண்டு ஸ்கொட்லாந்தின்ர வடகிழக்கில உண்மையிலயே கதைக்கிற பாசை, குரல் குடுத்த கெவின் மக்கிட் பிறந்தது அந்தப் பக்கம்தான், எல்ஜின் எண்ட ஊர். தன்ர ஊர்ப் பாசையைக் கொண்டுபோய் ஹொலிவூட் படத்தில வைச்சு உலகத்தையே முழிக்கப் பண்ணிப்போட்டார்.

கேள்வி: அண்ணா, நான் ஒரு யூரியூப் சனலுக்கு செய்தியும் கதையும் வாசிக்கிறனான். ரெக்கோடிங்குக்குப் போன ஒரு இடத்தில உன்ர தமிழ் வன்னிக் காட்டுத் தமிழ், இது எடுபடாது, ரீவியில வாற சென்னைத் தமிழ் பழகிக்கொண்டு வா எண்டு சொல்லிப் போட்டினம். நான் மாத்தோணுமோ? வீட்டிலயே போனில பதியிறனான், சத்தமும் தெளிவில்லை, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்கோ.
தங்கை, புதுக்குடியிருப்பு

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் உண்மையில நான் இந்தப் பக்கம் முழுக்க இந்த மனுசனுக்கு ஒதுக்கினது.

ஒருக்கா எண்ணிப் பாருங்கோ தங்கச்சி. பொண்ட் படத்தில ரஷ்யன், ஹாக்ரிட்டில இங்கிலாந்துக் கிராமத்தான், டொக்டர் ஜோன்சனா வரேக்க பழைய காலத்து இங்கிலாந்துப் பண்டிதர், ஆனா ஃபிற்ஸ் எண்ட பெரிய வேசத்தில சொந்த ஸ்கொட்லாந்துக் குரல். மான்செஸ்டரில நடக்கிற கதைக்கு எதுக்கு ஸ்கொட்லாந்துக்காரன் எண்டு ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. வேற பாசை பழகினது சொந்தப் பாசையை அழிச்சுப் போட்டு இல்லை, அதுக்குப் பக்கத்தில இன்னொண்டை அடுக்கித்தான். இன்னொரு ஸ்கொட்லாந்து நடிகர் டேவிட் டெனன்ட், டொக்டர் ஹூ தொடரில லண்டன் பக்கத்துப் பாசை கதைச்சவர், 2017இல டக்டேல்ஸ் கார்ட்டூனில அந்தக் காசுக்காரக் கஞ்ச வாத்துக்குக் குரல் குடுக்கேக்க தன்ர ஸ்கொட்லாந்துப் பாசையிலயே குடுத்தார், ஏன் எண்டா அந்த வாத்தே கதையில கிளாஸ்கோவில பிறந்தது.

ஏன் தூரப் போவான். கே.எஸ். பாலச்சந்திரன் அண்ணை ரைட் எண்டு ஒரு தனிநடிப்புச் செய்தவர், எங்கட பஸ் கொண்டக்டர், எங்கட பாசை, ஒரு சொல்லும் மாத்தேல்லை. ஊரூராப் போய் செய்தார், ரேடியோவிலயும் போனது, வெளிநாட்டில இருக்கிற சனம் இண்டைக்கும் போட்டுக் கேக்குது. அவரே இலங்கை வானொலியில தணியாத தாகம் மாதிரி நாடகங்களில கதைக்கேக்க தேவையான அளவுக்கு பாசையை இறக்கி ஏத்தத் தெரிஞ்ச ஆள். இன்னொண்டும் சொல்லுறன், சண்டைக் காலத்தில வெளிநாட்டுப் படங்களுக்கு வன்னிக்குள்ள இருந்தே தமிழில குரல் குடுத்து ஜெனரேற்றர் வைச்சு ஊரூராப் போட்டுக் காட்டினது உங்கட அம்மா அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்கோ. அதில கதைச்சவை சென்னைக்குப் போய்ப் பழகிக்கொண்டு வந்த ஆக்கள் இல்லை.

அதால என்ர தீர்ப்பு இதுதான். செய்திக்கு செய்தித் தமிழ் வேணும், எழுத்துத் தமிழை உச்சரிப்புப் பிழை இல்லாமல், ழகரம் ளகரம் வடிவா, மூச்சு வாங்கிற இடம் பாத்து வாசிக்கப் பழகுங்கோ, அதில எந்த ஊருக்கும் சலுகை இல்லை. கதைக்கு உங்கட பாசை. புதுக்குடியிருப்புக் கிழவி கதைக்கிற கதையை சென்னைத் தமிழில வாசிச்சா ஆர் கேக்கிறது? உங்களைக் காட்டுத் தமிழ் எண்டு சொன்ன இடத்தில சம்பளம் நல்லா இருந்தா அந்த வேலைக்கு மட்டும் அந்தத் தமிழையும் ஒரு வேசமாப் பழகுங்கோ, வேசம் கழட்டத் தெரிஞ்சா காணும்.

இனி சத்தம். போனைக் கையில பிடிச்சுக்கொண்டு கதைக்காதேங்கோ, கை அசையிற சத்தம் முழுக்க விழும். வீட்டில அலுமாரி இருக்குமே, சீலை உடுப்பு தொங்கிறது, கதவைத் திறந்து போனை அதுக்குள்ள உடுப்புகளுக்கு முன்னால ஒரு பெட்டியில வைச்சு, வாயிலயிருந்து ஒண்டரைச் சாண் தள்ளி, நேருக்கு நேர இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டா வைச்சுக் கதையுங்கோ. உடுப்பு எதிரொலியைக் குடிச்சிடும். பக்கவாட்டா வைக்கிறது எதுக்கு எண்டா ப எண்ட எழுத்து வரேக்க காத்து நேர போய் மைக்கில அடிச்சு டொப் டொப் எண்டும், பூ, பழம், பாம்பு எண்டு சொல்லிப் பாருங்கோ, வித்தியாசம் தெரியும். ஃபானை நிப்பாட்டுங்கோ, வியர்க்கும்தான், ஒண்டும் செய்யேலாது. பேப்பரைக் கையில வைச்சா சரசரக்கும், கொடியில கிளிப் போட்டுத் தொங்க விடுங்கோ. தொடங்க முதல் பத்து செக்கன் ஒண்டும் கதைக்காமல் அறையின்ர வெறும் சத்தத்தைப் பதிஞ்சு வையுங்கோ, பிறகு இரைச்சலைக் குறைக்கிற அப்புக்கு அதுதான் மாதிரி. போனில வேவ் எண்ட வடிவத்தில பதியலாம் எண்டா அதில பதியுங்கோ, அனுப்பேக்க வட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜா அனுப்பாதேங்கோ, அது நசுக்கிப்போடும், டொக்கியூமென்றா அனுப்புங்கோ. நேரம், ராத்திரி பத்து மணிக்குப் பிறகு. பகலில லான்ட்மாஸ்டர், பின்னேரம் மயில், கோயில் திருவிழா எண்டா லவுட்ஸ்பீக்கர், எங்கட ஊரில வேற நேரம் கிடைக்காது. மழைக் காலத்தில தவளைக்கு மருந்து என்னட்ட இல்லை.

கேள்வி: அண்ணே, கேம் விளையாடேக்க வாற குரலுகளிலயும் ஸ்கொட்லாந்து நடிகர் ஆரும் இருக்கினமோ?
வாசகர், மல்லாவி

பதில்: இருக்கினம் தம்பி. கிரஹாம் மக்டாவிஷ் எண்டு பாருங்கோ, 1961இல கிளாஸ்கோவில பிறந்தவர். முகம் தெரியோணும் எண்டா ஹொபிட் படங்கள் மூண்டிலயும் ட்வாலின் எண்ட மொட்டைத்தலைக் குள்ளன், அவுட்லாண்டர் தொடரில டூகல் மக்கென்சி. குரல் எண்டா நீங்கள் அன்சார்ட்டட் விளையாடினா ரெண்டாவது கேமில வாற வில்லன் லசாரவிச், 2009. அதே ஆள் மூண்டாவதில, 2011இல, சார்லி கட்டர் எண்ட லண்டன்காரன். ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டாலும் ஒரே ஆள் எண்டு பிடிக்கேலாது. பிறகு காசல்வேனியா அனிமேஷன் தொடரில டிராகுலா. அந்த டிராகுலா கத்தாது, மனுசியை இழந்த ஒரு களைச்ச மனுசன் மாதிரி மெல்லமாக் கதைக்கும், அதுதான் பயம்.

கேள்வி: சினிமா தவிர வேற என்ன விருப்பம் அவருக்கு?
கராஜ் வைச்சிருக்கிற ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: உங்கட தொழில்தான். பழைய கார், எஞ்சின் எண்டா உயிர். 1993இல ஒரு 1951ஆம் ஆண்டு கடிலக் காரை எடுத்துக்கொண்டு அமெரிக்காவை லொஸ் ஏஞ்சலசில இருந்து நியூயோர்க் வரைக்கும் குறுக்கால ஓடி அதை ரீவித் தொடரா எடுத்தவர். 1997இல இன்னொரு தொடர், எஞ்சின் எப்பிடி வேலை செய்யுது எண்டு, நீராவியில தொடங்கி ஜெட் வரைக்கும். கிழக்கு ஜேர்மன் ட்ரபான்ட் காரின்ர எஞ்சினைத் தன்ர கையாலயே கழட்டி எடுத்துக் காட்டுவார், கிறீஸ் கையோட.

கேள்வி: எங்க இருந்து பாக்கத் தொடங்கிறது? குடும்பமா இருந்து பாக்கலாமோ?
வாசகி, நெடுங்கேணி

பதில்: சின்னப் பிள்ளையள் இருந்தா கிரஃபலோ, அரை மணித்தியாலம்தான், ஆங்கிலம் தெரியாட்டியும் கதை விளங்கும். பள்ளிக்கூடப் பிள்ளையளோட பிரேவ், பிறகு ஹாரி பொட்டர் முதலாவது. பொண்ட் படம் உங்கட வீட்டு விருப்பம்.

கிராக்கர் பிள்ளையள் நித்திரையானாப் பிறகு, கொலை, பாலியல் வன்முறை எல்லாம் மறைக்காமல் வரும். 2016இல சனல் ஃபோருக்கு நஷனல் ட்ரெஷர் எண்டு நாலு பகுதியில ஒண்டு நடிச்சவர், எல்லாரும் கொண்டாடுற ஒரு வயசான பகிடி நடிகரில பழைய பாலியல் குற்றச்சாட்டு வருது, மனுசியா ஜூலி வோல்டர்ஸ். ஹாக்ரிட்டை மனசில வைச்சுக்கொண்டு அதைப் பாக்க வெளிக்கிட்டா வயித்தைக் கலக்கும், ஏன் எண்டா அதே பெரிய உடம்பு, அதே அன்பான முகம், அதை வைச்சுத்தான் இந்த ஆள் செய்திருப்பானோ இல்லையோ எண்டு நாலு பகுதிக்கும் எங்களைத் தவிக்க விடுவார். அதுக்கும் பஃப்டா பரிந்துரை கிடைச்சது. நீங்களும் அவரும் மட்டும் இருந்து பாருங்கோ, மாமி வந்திருக்கிற கிழமை வேண்டாம்.